எந்திரத்தைப் புள்ளியாக்கலாமா?

மாணவ நண்பர்களே, உங்கள் இயற்பியல் நூலில் உள்ள கணக்குகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ‘5 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பொருள்’, ‘2,000 கிலோகிராம் நிறையுள்ள ஒரு வண்டி’ என்றுதான் அவற்றில் பல தொடங்கும். உடனே நாம் என்ன செய்கிறோம்? தாளில் ஒரு புள்ளி வைக்கிறோம். அதிலிருந்து கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி, பக்கவாட்டில் மற்றோர் அம்புக்குறி. வண்டிக்கு நான்கு சக்கரங்கள் உண்டு என்பதும், அதன் முன்பாதி கனமானது என்பதும், அது இவ்வளவு உயரம் என்பதும் அந்தப் புள்ளிக்குள் மறைந்துவிடுகின்றன. விடை சரியாக வந்தால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்துவரும் நானும் இப்படித்தான் புள்ளி வைத்துக் கற்பித்து வந்தேன். அதை எப்போது வைக்கலாம், எப்போது வைக்கக்கூடாது என்று எந்த மாணவரையும் நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு உணர்த்தியது அம்பத்தூரில் உள்ள ஓர் இரும்பு ஸ்டாண்டு. அதன் கதையைச் சொல்லி, அதிலிருந்து நான் அடைந்த கருத்தையும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஆடிய ஸ்டாண்டு

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டில் உருவானது. இன்று ஆவடிப் பக்கமும் பூந்தமல்லிப் பக்கமும் போனால் வழியெங்கும் சிறுபட்டறைகளைக் காணலாம். இவற்றில் பலவற்றுக்கும் பெரிய குறை இடம்தான். தரையில் லேத்தும் துளையிடும் எந்திரமும் நின்றுவிட்டால், வேறு எதற்கும் இடமிருக்காது. ஆகவே நான்கு தூண்களை நிறுத்தி, மேலே இரும்பு உத்தரங்களைப் போட்டு, கம்ப்ரெசர், புளோயர் போன்றவற்றை அதன்மேல் ஏற்றிவிடுவார்கள். பட்டறையில் இதற்கு ஸ்டாண்டு என்று பெயர். மேலே எந்திரம் ஓடும். கீழே ஆட்கள் வேலை செய்வார்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் அங்கே பட்டறை நடத்துகிறார். ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தார். “சார், புதுசா ஸ்டாண்டு போட்டோம். புளோயர் ஓடினா ஸ்டாண்டே நடுங்குது. வாரா வாரம் போல்ட்டு தளர்ந்துபோகுது. நேத்து ஒரு வெல்டிங்கில கீறல் விட்டிருக்கு. நீங்க ஒரு தடவை வந்து பார்க்கணும்” என்றார். “நான் வாத்தியார்தானப்பா, இன்ஜினீயர் இல்லையே” என்று சொல்லிப் பார்த்தேன். “அதிர்வு பாடம் நீங்கதானே சார் நடத்துனீங்க?” என்றார். மறுப்பதற்கு வழியில்லை.

போய்ப் பார்த்தேன். புளோயரும் மோட்டாரும் அவற்றின் அடிச்சட்டமும் சேர்ந்து ஏறத்தாழ 800 கிலோகிராம். இரண்டு உத்தரங்கள் அதைத் தாங்கின. ஒவ்வொன்றின் நீளமும் 2 மீட்டர். எந்திரத்துக்கு நான்கு கால்கள். உத்தரத்தின் போக்கில் கால்களுக்கிடையே 0.8 மீட்டர் தொலைவு. மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று, அதாவது நொடிக்கு 24 சுற்று ஓடுவது. (கணக்குக்கு வசதியாக எண்களைச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன்.) ஸ்டாண்டின் நிழலில் ஒரு லேத்து. அதில் இரண்டு இளைஞர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

ஸ்டாண்டை வரைந்து கொடுத்தவர் கணினியில் கணக்கிட்டு, வண்ணப்படங்களோடு ஓர் அறிக்கையும் தந்திருந்தார். படம் முழுவதும் பச்சையாகவும் நீலமாகவும் இருந்தது. ஆபத்தைக் காட்டும் சிவப்பு எங்கும் இல்லை. ஸ்டாண்டு மேலும் கீழும் அதிர்வதற்கான இயல்பு அதிர்வெண் நொடிக்கு 27.5 என்றும், மோட்டாரின் 24-லிருந்து அது விலகியிருப்பதால் கவலை இல்லை என்றும் எழுதியிருந்தது.

நானும் ஒரு தாளை வாங்கி, வகுப்பில் செய்வதுபோல் உத்தரத்தின் நடுவே ஒரு புள்ளி வைத்துக் கணக்கிட்டேன். எனக்கு 19.3 வந்தது. அதுவும் 24-லிருந்து விலகித்தான் இருந்தது. “கணக்குப்படி இந்த ஸ்டாண்டு இவ்வளவு ஆடக்கூடாதே!” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மேலே பார்த்தார். அங்கே ஸ்டாண்டு ஆடிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு எந்திரத்தை நிறுத்தச் சொல்லி, கைப்பேசியை உத்தரத்தின்மேல் வைத்து, ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினோம். கைப்பேசிக்குள் முடுக்கத்தை அளக்கும் சிறு கருவி உண்டு. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஃபைபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி அதன் அளவுகளை வரைபடமாகக் காட்டும். அதில் கிடைத்த அதிர்வெண் ஏறத்தாழ 24. மோட்டாரின் வேகமும் அதுவே. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இதுதான் ஒத்ததிர்வு.

ஒரே எந்திரம், நான்கு படங்கள்

இருவரும் பெருக்கல் வகுத்தலில் பிழை செய்யவில்லை. அப்படியானால் பிழை எங்கே? 800 கிலோகிராமை ஸ்டாண்டின்மேல் எப்படி வைத்தோம் என்பதில்தான். உத்தரம் ஒன்றுக்கு 400 கிலோகிராம் பங்கு. தூண்கள் அசையாதவை என்றும், உத்தரத்தின் சொந்த எடையைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் கொள்வோம்.

முதற்படம், மணல். அறிக்கை எழுதியவர் எந்திரத்தின் நிறையை உத்தரத்தின் முழு நீளத்துக்கும் மணலைப் போல ஒரே சீராகப் பரப்பிவிட்டார். உத்தரம் அதிரும்போது அதன் நடுப்பகுதி அதிகமாகவும் ஓரங்கள் மிகக் குறைவாகவும் அசையும். ஓரங்களுக்குப் போன மணல் அசைவில் சரியாகப் பங்கு கொள்வதில்லை. அசையும் நிறை குறைந்ததுபோல் ஆகிவிடுவதால் அதிர்வெண் கூடிவிடுகிறது. விடை 27.5.

இரண்டாம் படம், புள்ளி. இது நான் செய்தது. உத்தரம் எங்கே மிகுதியாக வளையுமோ அந்த நடு இடத்திலேயே நிறை முழுவதையும் குவித்துவிட்டேன். ஆகவே அதிர்வெண் தேவைக்கு மேல் குறைந்துவிட்டது. விடை 19.3.

மூன்றாம் படம், கால்கள். உண்மையில் எந்திரம் உத்தரத்தைத் தொடுவது கால்கள் இருக்கும் இடத்தில் மட்டுமே. ஒவ்வொரு முனையிலிருந்தும் 0.6 மீட்டர் தள்ளி, இடத்துக்கு 200 கிலோகிராமாக நிறையை வைத்துக் கணக்கிட்டால் விடை 24. கைப்பேசி காட்டியதும் இதுவே.

நான்காம் படம், கட்டை. எந்திரத்தை ஒரு கெட்டியான இரும்புக் கட்டையாக வரைந்து, அதன் அடிப்பகுதி முழுவதையும் உத்தரத்தோடு ஒட்டிவிட்டதாகக் கணினிக்குச் சொல்வாரும் உண்டு. பார்வைக்கு இதுவே உண்மையை மிகவும் ஒத்த படம். ஆனால் கட்டை ஒட்டிய 0.8 மீட்டர் நீளத்துக்கு உத்தரம் வளையவே முடியாது. எந்திரம் தன் நிறையோடு, தன்னிடம் இல்லாத ஒரு விறைப்பையும் ஸ்டாண்டுக்குக் கடன் கொடுத்துவிடுகிறது. இந்த எடுத்துக்காட்டில் விறைப்பு சரியாக 3 மடங்காகிறது. அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது; ஆகவே அது 1.73 மடங்காகி, ஏறத்தாழ 41.6 ஆகிவிடுகிறது.

மொத்த நிறை நான்கு படங்களிலும் ஒன்றே, உத்தரமும் ஒன்றே. விடைகளோ 19.3, 24, 27.5, 41.6. இவற்றுள் தவறான மூன்றும் ‘கவலை இல்லை’ என்றே சொல்கின்றன. சரியான ஒன்று மட்டுமே ‘ஆபத்து’ என்கிறது. இரும்புச் சட்டகங்களில் அதிர்வைத் தணிக்கும் தன்மை மிகவும் குறைவு. அதை 2 விழுக்காடு எனக் கொண்டால், ஒத்ததிர்வின்போது அசைவு 25 மடங்காகும். அதிர்வெண் 27.5 என்பது மெய்யாக இருந்திருந்தால் ஏறத்தாழ 4 மடங்கோடு நின்றிருக்கும். போல்ட்டு தளர்ந்ததும் வெல்டிங் கீறியதும் இந்த வேறுபாட்டால்தான்.

இத்தனைக்கும், எந்திரத்தை ஏற்றியபோது கால்களின் கீழே உத்தரம் தாழ்வது 0.43 மில்லிமீட்டர்தான், உங்கள் நகத்தின் தடிமன் அளவு. கண்ணால் பார்த்து யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

வலிமைக் கணக்கிலும் இதே நிலைதான். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால் உத்தரம் ஒன்றின் சுமை 4,000 நியூட்டன். உத்தரத்தை நடுவில் வளைக்கும் திருப்புத்திறன், மணலாகப் பரப்பினால் 1,000 நியூட்டன் மீட்டர். கால்களில் வைத்தால் 1,200. புள்ளியாக வைத்தால் 2,000. மணல் படம் 200-ஐ மறைத்துவிடுகிறது. புள்ளிப் படம் 800-ஐக் கூட்டிச் சொல்லி, வேண்டாத இரும்பை வாங்க வைக்கிறது.

நியூட்டன் கொடுத்த அனுமதி எதுவரை?

புள்ளி வைக்கும் பழக்கம் நமக்குப் பெரியவர்களிடமிருந்து வந்தது. 1687-இல் வெளியான தம் நூலில் நியூட்டன் ஒன்றை மெய்ப்பித்துக் காட்டினார். சீரான ஒரு கோளம், தனக்கு வெளியே உள்ள பொருள்களை ஈர்க்கும்போது, தன் நிறை முழுவதும் மையத்தில் குவிந்திருப்பதுபோலவே ஈர்க்கும். இதன்படிதான் கோள்களையும் நிலவையும் புள்ளிகளாக்கிக் கணக்கிடுகிறோம். பொருள் எந்த வடிவில் இருந்தாலும், அதன்மேல் வெளியிலிருந்து செயல்படும் விசைகள் அனைத்தும் நிறை மையத்திலேயே செயல்படுவதுபோல் அந்த மையம் நகரும் என்பதும் நமக்குத் தெரிந்த உண்மையே.

இவ்விரண்டும் மெய்ப்பிக்கப்பட்டவை. ஆனால் இவை எதைப் பற்றிப் பேசுகின்றன என்று கவனியுங்கள். ஒரு பொருள் மற்றொன்றை எப்படி ஈர்க்கும், அது எப்படி நகரும் என்பதைப் பற்றியே பேசுகின்றன. அப்பொருளைத் தாங்கி நிற்கும் சட்டகம் எங்கே வளையும் என்பதைப் பற்றி இவை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சட்டகத்துக்கு நிறையின் அளவு மட்டும் போதாது. அந்நிறை எந்த இடத்தில் தன்னை மிதிக்கிறது என்பதும் தெரிய வேண்டும். நான் செய்த பிழை, ஒரு கேள்விக்குக் கிடைத்த அனுமதியை வேறொரு கேள்விக்குப் பயன்படுத்தியதுதான்.

உயரத்தையும் மறக்கலாகாது. இந்தப் புளோயரின் ஈர்ப்பு மையம் கால்களுக்கு மேலே 0.75 மீட்டர் உயரத்தில் உள்ளது எனக் கொள்வோம். நிலநடுக்கத்தாலோ வேறு காரணத்தாலோ எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 800 நியூட்டன் விசை, உத்தரத்தின் போக்கில் கிடையாக அதன்மேல் செயல்படட்டும். உடனே 600 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் எந்திரத்தைக் கவிழ்க்க முயலும். கால்களுக்கிடையே 0.8 மீட்டர் இருப்பதால், ஒரு பக்கத்துக் கால்களின் சுமை 750 நியூட்டன் கூடும். மறுபக்கத்தில் அதே அளவு குறையும். 4,000 நியூட்டன் வீதம் இருந்தவை 4,750 என்றும் 3,250 என்றும் ஆகிவிடும். புள்ளியை உத்தரத்தின் மட்டத்திலேயே வைத்துக் கணக்கிட்டால் இந்த மாற்றம் கணக்கில் தலைகாட்டாது. எந்திரம் முன்னும் பின்னும் சாய்ந்தாடுவதைக் கணக்கிட வேண்டுமானால் நிலைமத் திருப்புத்திறனும் வேண்டும். புள்ளிக்கு அது சுழி.

‘எல்லாவற்றையும் வரைந்துவிட்டால் என்ன?’

இதைச் சொன்னதும் என் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: “இப்போதுதான் கணினிகள் வலிமை பெற்றுவிட்டனவே! எந்திரத்தின் ஒவ்வொரு திருகையும் அப்படியே வரைந்து கணக்கிட்டால் இந்தத் தொல்லையே இராதே?”

நியாயமான கேள்வி. சட்டகங்களைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறையை ஃபைனைட் எலிமென்ட் முறை என்பர். விமானச் சட்டகங்களின் விறைப்பைக் கணக்கிடுவது பற்றி டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வர் 1956-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடித்தளமிட்டவற்றுள் ஒன்று. கிளஃப் 1960-இல் இதற்கு இப்பெயரை வைத்தார். அக்காலத்தில் ஓர் அறையை நிரப்பும் கணினி செய்ததை இன்று மடிக்கணினி செய்கிறது. அப்படியிருக்க ஏன் சுருக்க வேண்டும்?

என் விடை இதுதான். புளோயரின் உள்ளே இருக்கும் தாங்கிகள் எவ்வளவு விறைப்பானவை, அதன் உறை எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் ஸ்டாண்டு செய்பவருக்குத் தெரியாது. தெரியாததை வரைந்தால் அது ஊகம்தான். ஆயிரம் ஊகங்கள் சேர்ந்த ஒரு படம் அழகாக இருக்கலாம். ஆனால் அதில் எங்கே பிழை என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நான்காம் படத்தில் கண்டோமே, கட்டை உண்மையை ஒத்திருந்தது. விடையோ நான்கிலும் மிகத் தவறாக இருந்தது.

எனவே சுருக்குவது குற்றமன்று என்பதே என் கருத்து. அதைச் செய்யாமல் பொறியியலும் இல்லை, இயற்பியலும் இல்லை. மொத்த நிறை, ஈர்ப்பு மையத்தின் இடமும் உயரமும், நிலைமத் திருப்புத்திறன், கால்களின் இடங்கள் ஆகிய நான்கையும் காப்பாற்றிக்கொண்டால், உள்ளே உள்ள மற்றவற்றைப் பெரும்பாலும் தாராளமாக விட்டுவிடலாம். ஈர்ப்பு மையத்தில் ஒரு புள்ளியை வைத்து, அதற்கு நிலைமத் திருப்புத்திறனையும் கொடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு காலுக்கும் ஒரு கற்பனைக் கம்பியை இணைக்கலாம். கால்களைத் தவிர வேறெங்கும் அக்கம்பிகள் உத்தரத்தைத் தொடலாகாது. கணினிக்கு இது மிக எளிய மாதிரி. கையாலும் சரிபார்க்க முடிவது இதன் பெரிய நன்மை.

நம் பகுதியிலேயே இக்கேள்வி எழும் இடங்கள் பல. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955 முதல் இயங்குகிறது. அங்கே 2018-இல் உருவான வந்தே பாரத் ரயிலுக்குத் தனி எஞ்சின் வண்டி இல்லை. மின்கருவிகள் பல, பெட்டிகளின் தளத்துக்குக் கீழே பொருத்தப்பட்டுள்ளன. ஆவடியில் 1960-களிலிருந்து பீரங்கி வண்டிகள் உருவாகின்றன; அவற்றின் எஞ்சினையும் சுழலும் பீரங்கி மேடையையும் அடிச்சட்டம் தாங்க வேண்டும். கனமான ஒரு பொருளைச் சட்டகத்தில் ஏற்றும் எவரும், அதை எதுவரை சுருக்கலாம் என்று முடிவு செய்தே ஆக வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி தரும் பாடம்

ஒரு புள்ளி போதாது என்பதை உலகம் கற்றுக்கொண்ட வேறொரு வரலாறும் உண்டு. நம் ஊர்களில் உயரமான கால்களின்மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். இவையும் ஸ்டாண்டின்மேல் வைத்த சுமையே. நிலநடுக்கத்துக்கான கணக்கில், தொட்டியையும் தண்ணீரையும் சேர்த்து ஒரே நிறையாகக் கொள்வது பழைய வழக்கம். நம் நாட்டின் 1984-ஆம் ஆண்டு இந்தியத் தர விதியும் உயர்ந்த தொட்டிகளை அவ்வாறே கருதியது.

ஆனால் தண்ணீர் கெட்டியான பொருளன்று. தொட்டி அசையும்போது அடிப்பகுதித் தண்ணீர் தொட்டியோடு சேர்ந்து அசைகிறது. மேற்பகுதித் தண்ணீர் தனியே, மெதுவாகத் தளும்புகிறது. எனவே தண்ணீரை இரண்டு நிறைகளாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும் என்று அமெரிக்கப் பொறியியல் அறிஞர் ஹவுஸ்னர் 1963-இல் எழுதினார். 1960-இல் சிலி நாட்டில் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் தொட்டிகள் பட்ட பாடு அவருக்குத் தூண்டுதலாயிற்று. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் நேர்ந்த நிலநடுக்கத்தில் அங்கும் பல தொட்டிகளின் தாங்குகால்கள் சேதமுற்றன. இரண்டு நிறைகள் கொண்ட இம்முறை நம் இந்தியத் தர விதியில் 2014-ஆம் ஆண்டில் இடம்பெற்றது. ஒரு புள்ளி இரண்டு புள்ளிகளாக மாறுவதற்கு அறிவியலுக்கு ஒரு கட்டுரை போதுமானதாக இருந்தது. நடைமுறைக்கு அரை நூற்றாண்டு ஆயிற்று.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்குப் பட்டறை தேவையில்லை. 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றை எடுத்து, ஒரே உயரமுள்ள இரண்டு புத்தக அடுக்குகளின்மேல் பாலம்போல் வையுங்கள். ஒரே வகை நாணயங்கள் பத்தை அதன் நீளம் முழுவதும் சம இடைவெளியில் பரப்பி, நடுப்பகுதி எவ்வளவு தாழ்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு அந்தப் பத்தையும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். இப்போது ஏறத்தாழ 1.6 மடங்கு தாழ வேண்டும். அடுத்து, ஐந்து ஐந்தாகப் பிரித்து நடுவிலிருந்து இருபுறமும் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். முந்தைய இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு கிடைக்கும். கடைசியாக, ஒரு கெட்டியான மரத்துண்டை அளவுகோலின் நடுவில் பசையால் ஒட்டி, அதே நாணயங்களை அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஒட்டிய பகுதி வளைய மறுப்பதைக் காண்பீர்கள்.

அளவுகோலை விரலால் தட்டி, எந்த அடுக்கில் விரைவாகவும் எந்த அடுக்கில் மெதுவாகவும் அது அதிர்கிறது என்றும் கவனியுங்கள். அம்பத்தூர் ஸ்டாண்டின் கதை முழுவதும் உங்கள் மேசையிலேயே இருக்கிறது.

என் வேண்டுகோள்

முதல் வேண்டுகோள் ஆசிரியர்களுக்கு. ‘இந்தப் பொருளைப் புள்ளியாகக் கொள்க’ என்று கேள்வித்தாளே சொல்லிவிடுகிறது. அந்த முடிவை மாணவருக்கு விடுங்கள். விடையின் கீழே ‘இக்கணக்கில் நான் விட்டுவிட்டவை எவை? அவற்றால் விடை கூடுமா, குறையுமா?’ என்று இரண்டு வரி எழுதச் சொல்லி, அதற்கும் ஒரு மதிப்பெண் கொடுங்கள். நான் என் வகுப்பில் இதைத் தொடங்கிவிட்டேன். முதலில் மாணவர்கள் திகைத்தார்கள். இப்போது சிலர் நான் கவனிக்காத ஒன்றையும் எழுதிவிடுகிறார்கள்.

இரண்டாவது, எந்திரம் செய்து விற்போருக்கு. எந்திரத்தோடு தரும் தாளில் எடை இருக்கும். ஈர்ப்பு மையத்தின் உயரம் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த ஓர் எண்ணையும் அச்சிட்டால் எத்தனையோ ஊகங்கள் குறையும். வாங்குவோரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது உங்களுக்கு. உங்களில் பலர் நாளை பொறியியல் படிப்பீர்கள். கணினியில் வண்ணப்படங்கள் வரைவீர்கள். படம் பச்சையாக வந்ததும் மனம் நிறைந்துவிடாதீர்கள். கணினி நீங்கள் கொடுத்த படத்தைத்தான் கணக்கிடும். ஸ்டாண்டை அது பார்த்ததில்லை. ஒருமுறை கையால் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் அதற்குக் காரணம் தேடுங்கள். முடிந்தால் நேரில் போய்த் தட்டிப் பாருங்கள். தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில்கூட, அதிர்வு மேசையின்மேல் மாதிரிகளை ஏற்றி ஆட்டிப் பார்க்கிறார்கள். கணக்கு தெரியாததாலா அப்படிச் செய்கிறார்கள்?

அந்த ஸ்டாண்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உத்தரத்தின் நடுவில் முட்டுக் கொடுக்கலாமென்றால் கீழே லேத்து நின்றது. ஆகவே ஒவ்வொரு தூணிலிருந்தும் சாய்வாக ஓர் ஆங்கிளை ஏற்றி, எந்திரத்தின் கால்கள் மிதிக்கும் இடத்துக்கு நேர் கீழே உத்தரத்தோடு பற்றவைத்தார்கள். நான்கு ஆங்கிள், ஒரு நாள் வேலை. மறுபடியும் கைப்பேசியை வைத்துத் தட்டினோம். அதிர்வெண் 24-ஐ விட்டு நன்றாக மேலே போயிருந்தது. கீறல் விட்ட வெல்டிங்கை உளியால் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தார்கள்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். புளோயர் ஓடிக்கொண்டிருந்தது, அதன் கீழே லேத்தில் அந்த இரண்டு இளைஞர்களும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். “சார், இப்ப போல்ட்டு தளர்றதில்லை” என்றார் என் மாணவர். அறிக்கையைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். அதில் 27.5 என்ற எண்ணை அடித்து, பக்கத்தில் பேனாவால் 24 என்று எழுதியிருந்தார்.